எந்தத் தெரு?

அந்தத் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப் எங்களுக்கு வந்து சேர்ந்தபோது இரவு பத்தரை மணி. மறுநாள் மாலை திருச்சியிலிருந்து துபாய்க்கு விமானம். "அண்ணே, சும்மா ஒரு தடவ பாத்துடுங்க" என்று கீழே ஒரு வரி. பார்த்தோம். அது வேலைக்கான விசா இல்லை. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் விசிட் விசா. அறுபது நாள்.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில், மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரக் கூடியவர்கள் நாங்கள். நாலு பேர். கொஞ்ச நாளிலேயே பாடத்தைவிட ஃபார்ம் நிரப்புவது பெரிய வேலையாகிவிட்டது. சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை, இ-ஷ்ரம் கார்டு, பாஸ்போர்ட். ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறதோ அதற்குத்தான் ஓடிபி வரும். அந்த சிம் எப்போதோ திருப்பூரில் தொலைந்துபோயிருக்கும்.

தம்பி ஒன்பதாவதோடு நின்றவன். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு ஈசிஆர் பாஸ்போர்ட்தான் தருகிறார்கள். அதை வைத்துக்கொண்டு வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். இப்போது அது இ-மைக்ரேட் என்ற இணையதளம் வழியாக நடக்கிறது. கம்பெனியின் பெயர், சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் அதில் பதிவாகும். பதிவு பெற்ற ஏஜெண்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர வேறு வாங்கக் கூடாது. விபத்தில் செத்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்ச ரூபாய் காப்பீடு உண்டு. விசிட் விசாவில் ஏறிப்போகிறவனுக்கு இதில் எதுவும் கிடையாது. அரசாங்கத்தின் கணக்கில் அவன் புர்ஜ் கலீஃபாவைப் பார்க்கப் போன சுற்றுலாப் பயணி. தம்பியிடம் வாங்கியிருந்தது ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

(சுவாமி சகஜானந்தர் 1916இல் நம் பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கியது இதே சிதம்பரத்தில்தான். நூறு ஆண்டு கழித்தும் பத்தாம் வகுப்பு என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறவர்கள் யார் என்று அந்த ஈசிஆர் பாஸ்போர்ட்டுகளை அடுக்கிவைத்துப் பார்த்தால் தெரியும்.)

ஏஜெண்ட் வெளியூர்க்காரர் இல்லை. ஊர்த்தெருக்காரர். அவருடைய தாத்தா நிலத்தில் இந்தத் தம்பியின் தாத்தா பண்ணையாளாக இருந்தார். ஒரு லட்சத்தில் பாதியை வட்டிக்குக் கொடுத்ததும் அவர்கள் வீட்டிலிருந்துதான்.

1860இல் தொடங்கி 1911 வரை சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேற்றப்பட்ட கூலிகளின் பட்டியல்களை இன்று இணையத்தில் தேடிப் பார்க்கலாம். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். ஜில்லா என்ற இடத்தில் தென்னாற்காடு திரும்பத் திரும்ப வருகிறது. அன்று கடலூர்தான் தென்னாற்காட்டின் தலைநகர். சாதி என்ற இடத்தில் என்ன வருகிறது என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. இ-மைக்ரேட்டில் சாதிக்குக் கட்டம் இல்லை, உண்மைதான். ஆனால் மலேயாவுக்கு ஆள் பிடித்த கங்காணி உட்கார்ந்திருந்த இடத்தில் இன்று கையில் போனோடு உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கும்போது, போன் வந்து எதை மாற்றியது என்ற கேள்வி எங்களுக்கு வந்துவிடுகிறது.

அன்று இரவே தம்பி வீட்டுக்குப் போனோம். அத்தை பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஊறுகாய், பருப்புப்பொடி, தைலம். நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "போவலன்னா அந்தப் பணத்த நீங்க வாங்கித் தருவீங்களாப்பா?" எங்களிடம் பதில் இல்லை. அவன் போனான்.

அங்கே போன பிறகு அவனுக்கு உதவியதும் அதே போன்தான், அதையும் சொல்லியாக வேண்டும். வந்து இறங்கிய அறையின் லொகேஷனை அனுப்பினான். பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்று வாய்ஸ் மெசேஜ் போட்டான். அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் எடுக்காது என்பதால் அத்தை போனில் போட்டிம் ஏற்றிக் கொடுத்தோம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் அவர் இரண்டே நாளில் பழகிவிட்டார். அறுபது நாள் முடிந்தது. கம்பெனி எதிலும் சேர்க்கவில்லை. விசா தேதி தாண்டினால் நாளுக்கு நாள் அபராதம் ஏறும். வெளிநாட்டில் சிக்கிக்கொண்டவர்களுக்காக வெளியுறவுத்துறை 2015இல் தொடங்கிய மதத் தளத்தில் புகார் பதிந்தோம். திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள் மனு கொடுக்க அத்தையோடு போனோம். மனுவோடு சேர்க்க ஒப்பந்தம் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது அந்த விசிட் விசா பிடிஎஃப்பும், ஏஜெண்ட் "எல்லாம் செட் ஆயிடும் தம்பி" என்று சொன்ன வாய்ஸ் மெசேஜும்தான்.

எழுபது நாள் கழித்து ஒரு க்ளீனிங் கம்பெனியில் வேலை போட்டார்கள். சொன்ன சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. புகாரால் நடந்ததா, தானாக நடந்ததா, தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களை அதிகம் தொந்தரவு செய்கிறது. அறையில் எட்டுப் பேர், அதில் மூன்று பேர் கடலூர் மாவட்டத்துக்காரர்கள். காசு போட்டு ஒன்றாகச் சமைக்கும் மெஸ். "சிதம்பரம் பக்கமா? எந்த ஊரு? எந்தத் தெரு?" என்று கேட்டிருக்கிறார்கள். நம் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த தம்பி, சிதம்பரம் டவுன் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறான். இரண்டு வாரம் ஓடியது. ஒருநாள் அவனுடைய ஃபேஸ்புக்கைத் தேடி எடுத்துவிட்டார்கள். ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் சிலைக்கு மாலை போடும் போட்டோ. யாரும் அவனைத் திட்டவில்லை. "ஆள் அதிகமாயிடுச்சு, நீ வேற மெஸ் பாத்துக்கப்பா" என்றார்கள், அவ்வளவுதான். மறுவாரமே வேறொருவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

தம்பி டிபியை மாற்றி ஒரு கார் படம் வைத்தான்.

கிராமத்தைப் பற்றி அண்ணல் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசியதை நாம் படிப்பு வட்டங்களில் திரும்பத் திரும்பப் பேசுகிறோம். ஊரைவிட்டு வெளியேறுவதே பாதி விடுதலை என்று நம்பித்தான் நம் அப்பாக்கள் திருப்பூருக்கும் கோயம்பேட்டுக்கும் போனார்கள். இப்போது ஊர் பாக்கெட்டிலேயே கூட வருகிறது. 2020 மே மாதம் கோயம்பேட்டிலிருந்து லாரியில் திரும்பிய கூலித் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, மே 4 அன்று ஒரே நாளில் கடலூர் மாவட்டத்தில் 122 பேருக்குத் தொற்று. அந்த வாரம் எங்கள் போனுக்கும் ஒரு பட்டியல் வந்தது. பெயர், ஊர், தெரு. அதைப் பார்வர்ட் செய்தவர்களில் நம் பையன்களும் இருந்தார்கள். அதை இன்னும் நாம் உட்கார்ந்து பேசவில்லை.

படித்து முடித்த மாணவர்களே, இது பத்தாவது முடிக்காதவர்களின் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். 2022இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று ஆன்லைனில் வந்த விளம்பரத்தை நம்பிப் போனவர்களை மியான்மருக்குக் கடத்தி, அடைத்துவைத்து, இணைய மோசடி செய்யவைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் தமிழர்கள் 13 பேர் மீட்கப்பட்டு சென்னை வந்தார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் என்பதற்காகவே பிடிக்கப்பட்டவர்கள்.

டிபி விஷயத்தில் தம்பிக்கு என்ன சொல்வது என்று எங்களுக்குள் சண்டையே வந்தது. ஒருவர், மறுபடி அம்பேத்கர் படத்தை வைக்கச் சொல்லுங்கள் என்றார். எட்டுப் பேர் அறையில் தனியாகப் படுத்துக்கிடப்பவன் அவன், ஊரில் உட்கார்ந்து வீரம் பேச நாம் யார் என்றார் இன்னொருவர். கடைசியில் ஒன்றும் சொல்லவில்லை. சரியா தவறா, இன்னும் தெரியவில்லை. இப்போது அவன் ஒரு நேபாளத்துக்காரரோடும் இரண்டு பீகார்க்காரர்களோடும் சேர்ந்து சமைக்கிறான். "ரொட்டி சுடக் கத்துக்கிட்டேண்ணே" என்று போட்டோ அனுப்பினான். வட்டி இன்னும் ஓடுகிறது.

போன வாரம் அவனிடமிருந்து மறுபடி ஒரு பிடிஎஃப். அவன் சித்தப்பா மகனுக்கு ஓமன் வேலையாம், வேறு ஏஜெண்டாம், திங்கட்கிழமை முன்பணம் கட்ட வேண்டுமாம். "பணம் இன்னும் குடுக்கல. மொதல்ல நீங்க பாருங்கண்ணே." கீழே ஒரு பதிவு எண் இருந்தது. இ-மைக்ரேட்டைத் திறந்து அந்த எண்ணைத் தட்டினோம். அப்படி ஒரு பதிவே இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிட்டு, இந்த முறை திங்கட்கிழமைக்கு முன்பே சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பினோம்.