பிழையான பாதையில் ஓடிய குதிரைகள்

2018 செப்ரெம்பர் 12ஆம் திகதி, அமெரிக்காவின் டிரையோனில் நடைபெற்ற உலகக் குதிரையேற்றப் போட்டிகளின் நெடுந்தூர ஓட்டத்தை என்னால் மறக்க முடியவில்லை. கனடாவின் புரோமொன்ட் 2016இல் விலகிக்கொண்டதால், டிரையோனுக்குக் கிடைத்தது இரண்டாண்டுக்கும் குறைந்த அவகாசமே.

தொடக்கத்திலேயே சிலருக்குப் பிழையான பாதை காட்டப்பட்டது. ஓட்டம் நிறுத்தப்பட்டு, 160 கிலோமீற்றர் 120 ஆகக் குறைக்கப்பட்டு, மீண்டும் தொடங்கிற்று. பின்னர் வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்ததால் ஓட்டமே கைவிடப்பட்டது. (கரோலைனாவில் செப்ரெம்பர் புழுக்கம் புதினமா என்ன!) வீரர் சிலர் சினங்கொண்டு வாதாடினர். இரத்தானதை நான் குறைகூறேன். அன்று எடுக்கப்பட்ட உருப்படியான முடிவு அதுவொன்றே. ஆயினும் அது பிந்தியே வந்தது. 53 குதிரைகளுக்குச் சிகிச்சை அளிக்க வேண்டியதாயிற்று. சிறுநீரகம் பழுதுற்ற நியூசிலாந்துக் குதிரையொன்று கருணைக்கொலை செய்யப்பட்டது. அதன் பெயர் பராக் ஒபாமா.