மணி என்ன?

சொறிக்கல்முனையில் எங்கள் வீட்டுக் கணினியின் சிறு பற்றரி செத்துவிட்டது. மின்சாரம் நின்று வந்தால் அதன் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய் நிற்கும். மகளின் பரீட்சை விண்ணப்பப் பக்கமும் ஒருநாள் திறக்க மறுத்தது. இணையத்தளச் சான்றிதழ்களுக்குக் கால எல்லை உண்டு, திகதி பிழைத்தால் கணினி அவற்றை நம்பாது. விண்ணப்பமோ அன்று நள்ளிரவுடன் முடிகிறது! திகதியை நான் திருத்தினேன். மணியை நேரச் சேவையகத்திடம் கேட்கும்படி கணினியை ஏவினேன். பக்கம் திறந்தது.

விடை வந்து சேருமுன் அதுவும் பழசாகிவிடுமன்றோ? ஆதலால் கேள்வி புறப்பட்டது, சேவையகத்தை அடைந்தது, விடை புறப்பட்டது, வந்து சேர்ந்தது என நான்கு நேரங்களையும் குறித்து, வழியிற் கழிந்த பொழுதிற் பாதியைக் கணினி கூட்டிக்கொள்கிறது. போக்கும் வரவும் சமம் என்பது அதன் நம்பிக்கை. (கல்முனை பஸ்ஸில் ஏறியவர்கள் நம்பமாட்டார்கள்.) டேவிட் மில்ஸ் 1985இல் வகுத்த முறை இது.

சேவையகம் தருவது 1900 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகளே. அதனை ஊர் மணியாக்குவது நம் கணினி. அந்த ஊர் மணியோ அரசாங்கத்தின் சொற்படி நடப்பது. 1996 மே மாதம் இலங்கைக் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டன. ஒக்டோபரில் அரைமணி குறைந்தது. 2006 ஏப்பிரலில் எஞ்சிய அரைமணியும் போயிற்று. அக்காலத்தில், “பழைய நேரமா, புதிய நேரமா?” என்று கேட்டறிந்த பின்னரே பூசைக்குப் புறப்படுவோம்.