சொன்னவர் யார், கேட்டவர் யார்

ஆங்கிலத்தில் ‘ரிவீல்’ என்ற ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நாவலையே ஓட்டிவிடலாம். அமைச்சர் வரித் திட்டத்தை ரிவீல் செய்வார். மனைவி, தான் கர்ப்பமாக இருப்பதை. கொலையாளி, பிணத்தைப் புதைத்த இடத்தை. எக்ஸ்ரே, எலும்பு முறிவை. கொஞ்சம் சட்ட வாசனை வேண்டுமென்றால் ‘டிஸ்க்ளோஸ்’. ஆளுக்கு அளவெடுக்காமல் தைத்த சட்டை போல இவை எல்லாருக்கும் பொருந்தும். கிரேக்கத்தில் அப்படி நடக்காது. யார் சொன்னது, யாரிடம் சொன்னது, சொன்னதால் அடி விழுந்தது யாருக்கு என்று வினைச்சொல்லே விசாரிக்கத் தொடங்கிவிடும்.

ஏதென்ஸில் வேலை பார்த்த காலத்தில், மொழியைப் பழகுவதற்காக ஆங்கிலச் சிறுகதைகளைக் கிரேக்கத்தில் எழுதிப் பார்ப்பேன். அவற்றைப் படித்துப் பார்த்தவர் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியை. இலக்கணத்தில் அவர் தாராளம். இந்த வகை வினைச்சொல் வரும் இடங்களில் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இவனுக்கு அவளைப் பிடிக்குமா?” என்று கேட்பார். பதில் தெரியாமல் அடுத்த வரிக்குப் போக விடமாட்டார்.

பொதுவான சொல் ஒன்று இருக்கத்தான் செய்கிறது: அபொகலிப்தோ. மூடியிருப்பதை விலக்குவது. ‘கலிப்தோ’ என்றால் மூடுவது. ஒடிசியுஸை ஏழு ஆண்டுகள் தன் தீவில் மறைத்து வைத்துக்கொண்ட கலிப்சோவின் பெயர் அந்த வேரிலிருந்து வந்தது. ஊட்டியில் நாம் தைல மரம் என்று சொல்லும் யூகலிப்டஸுக்கும் அதே வேர்தான். மொட்டின் மேல் மூடி நன்றாகப் பொருந்தியிருப்பதால் தாவரவியலாளர் வைத்த பெயர். சிலைத் திறப்பு விழாவுக்கு கிரேக்கர் சொல்வது ‘அபொகலிப்திரியா’. உடம்பை அதிகம் காட்டும் உடைக்கும் இதே சொல்லின் பெயரடைதான். பத்மோஸ் தீவில் யோவான் எழுதிய, புதிய ஏற்பாட்டின் கடைசி நூலுக்குப் பெயர் ‘அபொகாலிப்ஸி’. தமிழில் திருவெளிப்பாடு, வெளிப்படுத்தின விசேஷம் என்று இரண்டு பெயரிலும் படிக்கிறோம். உலக முடிவு என்ற அர்த்தம் பின்னால் ஏறிக்கொண்டது. கிரேக்கச் செய்தித்தாள்கள் இந்தச் சொல்லை நாள்தோறும் தலைப்பில் போடுகின்றன. அதனால் எங்கும் அதையே போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் இரவு இரண்டு மணிக்குச் சமையலறையில் அக்கா தங்கையிடம் சொல்லும் விஷயத்துக்கு அதைப் போட்டால், சமையலறையில் நிருபர்கள் வந்து நிற்பது போலாகிவிடும்.

அந்த அக்காவுக்கு வேறொரு சொல் இருக்கிறது: எக்மிஸ்திரேவொமே. ரகசியத்துக்குள்ளிருந்து எடுத்து ஒருவர் கையில் மட்டும் கொடுப்பது. நாம் ‘மனம்விட்டுச் சொன்னாள்’ என்போமே, கிட்டத்தட்ட அது. நடுவில் இருக்கும் ‘மிஸ்தீரியோ’ பழைய எலூசிஸ் சடங்குகளை நினைவூட்டுகிறது. ஏதென்ஸுக்கு வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகே இருக்கிற ஊர்தான் எலூசிஸ். அங்கே தீட்சை பெற்றவர்கள் பார்த்ததை வெளியே சொன்னால் மரண தண்டனை. கி.மு. 415இல், நண்பர்களோடு சேர்ந்து வீட்டுக்குள் அந்தச் சடங்கை நடித்துக் காட்டியதாக ஏதென்ஸ் தளபதி அல்கிபியாதிஸ் மீது குற்றம் சாட்டினார்கள். விசாரணைக்கு அழைத்தபோது அவர் தப்பி ஓடிவிட்டார். ஆள் இல்லாமலே தண்டனை விதித்து, சொத்தை ஏலம் விட்டு, அந்த ஏலக் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கல்லின் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இந்தக் குற்றத்துக்கு எழுத்தாளர் லூசியன் காலத்தில் வழங்கிய வினைச்சொல் ‘ஆடி வெளியேற்றுவது’ என்று பொருள்படும். சடங்கில் நடனம் இருந்தது; ஆகவே ரகசியத்தை உடைத்தவன் அதை வெளியே ஆடிவிட்டான். எனக்கு மிகவும் பிடித்த சொல். இன்றைய கிரேக்கத்தில் அதற்கு வேலையில்லை என்பதில் எனக்கு வருத்தம்.

பாவமன்னிப்புக்கு வந்தால் இன்னொரு வினோதம். ‘எக்ஸொமொலொகுமே’ என்றால் நான் பாவத்தை அறிக்கையிடுகிறேன். அதே வினையைச் செய்வினையாக்கி ‘எக்ஸொமொலொகோ’ என்றால், அது பாதிரியாரின் செயல்: அவர் என் பாவத்தைக் கேட்கிறார். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ஒரே வினை, உருவம் மட்டும் வேறு. காதைக் கொடுத்தவருக்கும் ரகசியத்தில் பங்கு உண்டு என்பதை இலக்கணமே ஒத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் கேட்பவர் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

இதெல்லாம் இனிமையான பக்கம். மறுபக்கத்தில் ‘மர்திரோ’ நிற்கிறது. சாட்சி சொல்வது அதன் முதல் பொருள். நம்பிக்கைக்காக உயிரைக் கொடுப்பதும் அதே வேர்தான். தமிழ்க் கிறிஸ்தவர்கள் மறைசாட்சி, இரத்தசாட்சி என்று சொல்வதில் ‘சாட்சி’ அப்படியே இருக்கிறது. ஆனால் கிரேக்கப் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இன்னொருவனிடம் “என்னை மர்திரோ செய்துவிடாதே” என்று கெஞ்சினால், டீச்சரிடம் போட்டுக்கொடுக்காதே என்று பொருள். புனிதரும் கோள்மூட்டியும் ஒரே வினைச்சொல்லில் குடியிருக்கிறார்கள். அதைவிடக் கொச்சையானது ‘கர்ஃபோனோ’: ஆணி அடிப்பது. அப்படிப் போட்டுக்கொடுப்பவன் ‘கர்ஃபி’, வெறும் ஆணி.

இந்த ஆணி விளையாட்டுச் சொல் இல்லை. ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த காலத்தில், 1944 ஆகஸ்ட் 17 அன்று, பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய கொக்கினியாவில் ஆண்களை ஒரு சதுக்கத்தில் உட்கார வைத்தார்கள். முகமூடி போட்ட உள்ளூர்க்காரர்கள் வரிசைகளுக்கிடையே நடந்து விரலால் சுட்டினார்கள். சுட்டப்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். தன் முகத்தை மூடிக்கொண்டு அடுத்தவனை வெளிப்படுத்துவது: ‘கலிப்தோ’வும் ‘அபொகலிப்தோ’வும் ஒரே ஆளிடம். அதற்குப் பின் வந்த உள்நாட்டுப் போரும் போலீஸ் கோப்புகளும் 1967 முதல் 1974 வரையிலான ராணுவ ஆட்சியும், தகவல் கொடுப்பது என்ற செயலுக்கே ஒரு நாற்றத்தை ஏற்றிவிட்டன.

அதனால்தான் அலுவலக முறைகேட்டை அம்பலப்படுத்தும் ஊழியரை ஆங்கிலம் விசில் ஊதுபவர் என்று மரியாதையாகச் சொல்லும்போது, கிரேக்க மொழிபெயர்ப்பாளர் திண்டாடுகிறார். மக்கள் வாயில் தயாராக இருக்கும் சொற்கள் எல்லாம் வசை. 2014இல் சட்டம் ‘பொதுநலச் சாட்சி’ என்றொரு தொடரைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறையைப் பின்பற்றி 2022இல் வந்த சட்டம் ‘மீறல்களைத் தெரிவிக்கும் நபர்கள்’ என்று நீட்டி முழக்கியது. வாசிக்க அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அலுப்பு வேண்டுமென்றே வரவழைத்தது என்றுதான் நினைக்கிறேன். எந்தப் பழைய நினைவும் ஒட்டாத சொல் தேவைப்பட்டது.

அலுவலகத் தமிழைப் போலவே அலுவலகக் கிரேக்கமும் ஒரு தனி நாடு. கிரீஸ் 1981இல் ஒன்றியத்தில் சேர்ந்ததிலிருந்து அதன் சட்டங்கள் கிரேக்கத்திலும் வருகின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘டிஸ்க்ளோஷர்’ வரும் இடத்தில் ‘கினொலொகிசி’ என்று இருக்கிறது, பொதுவில் பேசிவிடுதல். நல்ல சொல், குற்றமும் இல்லை பாராட்டும் இல்லை. கதையில் மட்டும் எழுத முடியாது.

ஆனால் வினைச்சொல்லைத் தேர்ந்துவிட்டால் வேலை முடிந்ததா? ஒரு கதையில் ‘என் நட்பு ஒருவர் அதை எனக்கு ரிவீல் செய்தார்’ என்கிற மாதிரி ஒரு வரி. ஆங்கிலத்தில் அந்த நட்பு ஆணா பெண்ணா என்று தெரியாது. தமிழில் ‘நண்பர்’ என்று ஒரு ‘ர்’ போட்டுத் தப்பிக்கலாம். கிரேக்கத்தில் ‘ஃபிலொஸ்’ என்றால் ஆண், ‘ஃபிலி’ என்றால் பெண். அதோடு ‘என் ஃபிலொஸ்’ என்று முன்னால் ஆங்கில ‘தி’ போன்ற சார்படை சேர்த்துச் சொன்னால் காதலன் என்று எடுத்துக்கொள்வார்கள்; ‘என் ஃபிலொஸ் ஒருவன்’ என்றால்தான் வெறும் நண்பன். பாலில்லாத ‘அதொமோ’, அதாவது நபர், என்று போட்டால் போலீஸ் அறிக்கை ஆகிவிடும். ஆசிரியர் மறைத்து வைத்ததை மொழிபெயர்ப்பாளர் போட்டு உடைத்தே ஆகவேண்டும். வெளிப்படுத்தும் வினைச்சொற்களைப் பற்றி யோசித்து யோசித்து, கடைசியில் வெளிப்படுத்துபவன் நானே என்று ஆகிவிட்டது.

ஆசிரியை ஒரு வழி சொன்னார். ‘மதெஃப்திகெ’ என்று எழுதிவிடு: தெரியவந்தது. சொன்னவரும் வேண்டாம், கேட்டவரும் வேண்டாம். கிரேக்கக் காப்பிக்கடைகளில் பாதி வம்பு அந்தச் சொல்லில்தான் நடக்கிறதாம். கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் அந்தக் கதையில் கடைசிப் பக்கத்தில் அந்த நட்பு திரும்பி வருகிறது. சொன்னதற்கு விலையும் கொடுக்கிறது. ஆளையே எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் யாரைக் கொண்டுவருவது? ‘ஃபிலி’ என்று எழுதினேன், வினைக்கு ‘எக்மிஸ்திரேவொமே’ போட்டேன். ஆசிரியை ஒன்றும் கேட்காமல் அடுத்த வரிக்குப் போனார்.