ஒரு டம்ளர் தண்ணி செஞ்ச வேலை!

அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்கு ‘பத்தாயிரம் ஏரிகளின் மாநிலம்’னு பட்டப்பேர். அக்டோபர் கடைசியில் ரூம்மேட்டோட ஏரிக்கரை மரவீட்டுக்குப் போனேன். மீன் பிடிக்கலாம்னு பார்த்தா, அவன் தாத்தா கையில் ஸ்பேனரைத் திணிச்சார். மைனஸ் 30 டிகிரி குளிர் வர்றதுக்குள்ள தண்ணி பம்ப்பைக் காலி பண்ணணுமாம்!

தண்ணீர் உறைஞ்சா சுமார் 9 சதவிகிதம் பெருக்கும்; இரும்பையே பிளந்துடும். கரன்ட்டை நிறுத்தி, குழாய்களைத் திறந்துவிட்டு, பம்ப்போட அடித்திருகைக் கழற்றினேன். குபுகுபுன்னு கொட்டி நின்னுச்சு. ‘அவ்ளோதானே’ன்னு எழுந்தா, தாத்தா ஷெட்டிலிருந்து பழைய பம்ப்பைத் தூக்கிட்டு வந்தார். குறுக்கே ஒரு நீள விரிசல்.

“உள்ளே ஒரு டம்ளர் தண்ணிதான் மிச்சமிருந்துச்சு. போன வருஷம் கை நடுங்குச்சு. திருகை முழுசா கழற்ற முடியலை.”

மறுபடி குனிஞ்சு, ஓட்டைக்குள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். தண்ணி!