பதினைந்து நொடிக்கு ஒரு சிமிட்டல்

வயரிங் வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கரண்ட் பில்லைத்தான் நீட்டுவார்கள். நான் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மீட்டரிடம் போய் நிற்பேன். அதில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். முகப்பில் 3200 என்று அச்சிட்டிருந்தால், 3200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட். மீட்டருக்கு மீட்டர் இந்த எண் மாறும். 75 வாட் ஃபேன் மட்டும் ஓடினால் 3200 மீட்டரில் பதினைந்து நொடிக்கு ஒருமுறை சிமிட்டும். கையில் கடிகாரம் இருந்தால் போதும், வீடே பேசும்.

மேல்சித்தாமூரில் ஒரு சமண நயினார் வீட்டுப் பாட்டி கூப்பிட்டிருந்தார். 2022 செப்டம்பரில் கட்டணம் மாறியிருந்த நேரம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற குடும்பம். அடுப்பங்கரையில் ராத்திரி விளக்குக்கே வேலையில்லை. ஆனால் இரண்டு மாத ரீடிங் 512 யூனிட், பில் 2,046 ரூபாய். "எல்லாத்தையும் பாத்துப் பாத்துத்தான் நிறுத்துறேன் தம்பி, எப்படி ஏறுது?" என்றார்.

அந்தக் கட்டணத்தில் 500 யூனிட்டோடு நின்றிருந்தால் 1,725 ரூபாய்தான். 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய் என்ற சலுகை போய், அந்த நூறுக்கும் 4.50 ஆகிவிட்டது. மேலே போன யூனிட்டுக்கு எட்டு ரூபாய். பன்னிரண்டு யூனிட்டுக்கு 321 ரூபாய் என்றதும் பாட்டிக்குப் பக்கென்றது.

ஃபேன், லைட் எல்லாவற்றையும் நிறுத்தினேன். பிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கினேன். மீட்டர் விளக்கு நிற்கவில்லை, இருபது நொடிக்கு ஒருமுறை சிமிட்டியது. ஐம்பது, அறுபது வாட் எங்கோ ஓடுகிறது. முதலில் எர்த் கசிவோ என்றுதான் பயந்தேன். கடைசியில் மல்லாட்டை மூட்டை அடுக்கிய பின்கட்டு அறையைத் திறந்தால், பழைய சோக்கோடு ஒரு டியூப்லைட் பளபளவென்று எரிகிறது! மூட்டை இறக்கிய நாளில் போட்ட சுவிட்ச். சோக்கையும் சேர்த்தால் 55 வாட். ராப்பகலாக இரண்டு மாதம் எரிந்தால் 79 யூனிட். அது இல்லாவிட்டால் பில் 1,323 ரூபாயில் முடிந்திருக்கும்.

கூடத்து ஃபேனுக்கு இன்னும் அந்தக் காலத்துப் பெட்டி ரெகுலேட்டர். வேகத்தைக் குறைத்து வைத்துக் கையால் தொட்டால் சுடும். அந்தச் சூடும் மீட்டர் வழியாக வந்ததுதான். அதைக் கழற்றி எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போட்டேன். எல்லா ஃபேனையும் பி.எல்.டி.சி.யாக மாற்றிவிடலாமா என்று பேரன் கேட்டான். அப்படிச் செய்தால் எனக்குத்தான் வருமானம். வேண்டாம் என்றேன். நாளுக்கு இருபது மணி நேரம் ஓடுகிற ஃபேன் இரண்டு மாதத்தில் 90 யூனிட் இழுக்கும். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 36. அங்கே மாற்றினால் காசு திரும்பும். விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றுகிற ஃபேனுக்கு எதற்கு?

அடுத்த மாதம் அந்த ஊர்ச் சமண மடத்துப் பக்கம் வேறொரு வேலைக்குப் போனபோது எட்டிப்பார்த்தேன். பாட்டி திண்ணையில் மீட்டரைப் பார்த்தபடி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பேசாதே என்று கையைக் காட்டினார். சற்றுப் பொறுத்து, "பதினஞ்சு. பிரிட்ஜ் கட்டாயிருக்கு, கூடத்து ஃபேன் மட்டுந்தான் ஓடுது தம்பி" என்றார்.