பாதி வாக்கியம்

பள்ளி மண்டபத்தில் அன்று சொற்போர். ‘ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளை அப்படியே காக்க வேண்டும்’ என்பது தலைப்பு. 2008ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆகவே, பினாங்கு மாணவர்கள் வீட்டிலும் தெருவிலும் கேட்டுப் பழகிய விவாதம்தான் அது.

ஆதரவு அணியில் படிவம் நான்கில் பயிலும் மாணவி ஒருத்தி இருந்தாள். எதிரணியில் அவளுடைய நெருங்கிய தோழி. தன் முறை வந்தபோது தோழி, “பழைய கடைவீடுகளை இடிக்கலாம், ஆனால், சுவர் பிளந்து, பழுதுபார்க்கவே முடியாத நிலையில் இருப்பவற்றை மட்டும்” என்றாள்.

அடுத்து மாணவி எழுந்தாள். “பழைய கடைவீடுகளை இடிக்கலாம் என்று எதிரணித் தோழி கூறினார். நம் முன்னோர் வாழ்ந்த வீடுகளை இடித்துவிட்டு எதைக் கட்டப்போகிறார்?” என்று முழங்கினாள். மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது. ஆதரவு அணி வென்றது. தோழியோ ஒரு வார்த்தையும் பேசாமல் புத்தகப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

லெபோ பாசாரில் இருந்த வீட்டுக்கு மாணவி திரும்பியபோது, தாத்தா வாசலில் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார்.

“வெற்றி பெற்றாயாமே, அம்மா! முகம் ஏன் வாடியிருக்கிறது?”

அவள் நடந்ததைச் சொன்னாள். “நான் பொய் சொல்லவில்லை, தாத்தா. அவள் சொன்ன வார்த்தைகளைத்தான் சொன்னேன்.”

தாத்தா நாளிதழை மடித்து வைத்தார். 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய ‘தமிழ் நேச’னையும் 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முர’சையும் படித்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். வாசகர் கடிதப் பகுதிதான் அவருக்கு மிகவும் பிடித்த பகுதி.

“ஒருவர் கடிதம் எழுதுவார். அதற்கு மறுப்புக் கடிதம் வெளிவரச் சில நாள்கள் ஆகும். அதற்குள் முதல் கடிதம் வந்த தாளில் யாராவது மளிகைச் சாமானைப் பொட்டலம் கட்டியிருப்பார்கள். அதனால், முறையாக எழுதத் தெரிந்தவர், ‘இன்ன தேதி இதழில் இன்னார் இப்படி எழுதியிருந்தார்’ என்று முதலில் எடுத்துக்காட்டிவிட்டுத்தான் தம் மறுப்பைச் சொல்வார். படிப்பவன் இரண்டையும் அருகருகே வைத்து எடைபோடுவான். தராசில் ஒரு தட்டை மறைத்துவிட்டால் எடை சரியாக இருக்குமா, அம்மா?”

அவள் பதில் சொல்லவில்லை.

மறுநாள் தமிழாசிரியரிடம் சென்றாள். “ஐயா, எதிரணியினர் சொன்னதை எல்லாம் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால் எனக்குக் கிடைக்கும் நேரம் போய்விடாதா?” என்று கேட்டாள்.

ஆசிரியர் புன்னகைத்தார். “பவணந்தி முனிவர் நன்னூலில் பத்துக் குற்றங்களைச் சொல்கிறார். முதலாவது குன்றக் கூறல். அடுத்தது மிகைபடக் கூறல். நூலுக்குச் சொன்ன குற்றங்கள்தாம், மேற்கோளுக்கும் பொருந்தும். எதிரணியின் பேச்சு முழுவதையும் ஒப்பித்தால் அது மிகைபடக் கூறல். நீ மறுக்கப்போகும் கருத்து மட்டும் போதும். ஆனால், அந்தக் கருத்து முழுமையாக இருக்க வேண்டும். ‘ஆனால்’ என்ற சொல்லோடு தொடரும் பகுதியை வெட்டினால் அது குன்றக் கூறல். நேற்று நீ செய்தது அதுதான்.”

பின்னர் அவர் ஒரு பழைய வாதத்தைப் பற்றிச் சொன்னார். குண்டலகேசி ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று. நாதகுத்தனார் இயற்றிய பௌத்த நூல். அதன் கருத்துகளை மறுக்கச் சமணர் படைத்த நூல் நீலகேசி. நீலகேசிக்குச் சமய திவாகர வாமன முனிவர் உரை எழுதினார். குண்டலகேசியை மறுக்கும் இடங்களில் அந்நூலின் பாடல்களையும் பாடல் தொடக்கங்களையும் அவர் எடுத்துக்காட்டினார். எதை மறுக்கிறோம் என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

காலப்போக்கில் குண்டலகேசி மறைந்துவிட்டது. இன்று அதன் பாடல்கள் சிலவே நமக்குக் கிடைத்துள்ளன. பிற நூல்களில் மேற்கோளாக இடம்பெற்றதால் தப்பியவை அவை. அவ்வாறு அவற்றைக் காத்த நூல்களுள் நீலகேசி உரையும் ஒன்று. அவ்வுரையுடன் நீலகேசியைப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1936இல் பதிப்பித்தார்.

“எதிர்த்தவருடைய ஏட்டிலேயே எதிர்க்கப்பட்டவருடைய குரல் பிழைத்திருக்கிறது, பார்த்தாயா?” என்றார் ஆசிரியர். “அந்த உரையாசிரியர் தமக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்திருந்தால் நமக்கும் அந்தப் பாதிதான் கிடைத்திருக்கும்.”

பள்ளி ஆண்டிதழுக்குச் சொற்போர் பற்றிய கட்டுரையை எழுதும் பொறுப்பு அந்த மாணவியிடமே இருந்தது. அன்று மாலை அவள் எழுத அமர்ந்தாள். நேற்று மண்டபத்தில் தோழியின் வாக்கியத்தை முழுமையாகக் கேட்டவர்கள் இருந்தார்கள். ஆண்டிதழைப் பத்து ஆண்டுகள் கழித்துப் படிப்பவருக்கோ தாளில் இருப்பது மட்டுமே தெரியும்.

முதலில் தோழியின் பெயரையும், அடுத்து அவளுடைய வாக்கியத்தை ‘மட்டும்’ என்ற கடைசிச் சொல் வரையிலும் எழுதினாள். அதன் கீழே தன் பதிலை எழுதப் போனவள் கையை நிறுத்தினாள். மண்டபத்தில் கைதட்டல் வாங்கிய பதில் இங்கே பொருந்தவில்லை. பழுதான வீடுகளைப் பற்றி மட்டும் பேசியவளிடம், முன்னோர் வீட்டை இடிக்கிறாயா என்று எப்படிக் கேட்பது?

நெடுநேரம் யோசித்தாள். பிறகு வேறொரு கேள்வி பிறந்தது: ‘ஒரு வீட்டைப் பழுதுபார்க்கவே முடியாது என்று யார் முடிவு செய்வது? வீட்டுக்காரரா, பொறியாளரா, நகராண்மைக் கழகமா? இடிக்க விரும்பும் ஒருவர் வேண்டுமென்றே கூரையை ஒழுகவிட்டால் என்ன செய்வது?’ முந்தைய நாள் கேட்டதைவிட இது வலுவான கேள்வி என்பது அவளுக்கே தெரிந்தது. தோழியின் கருத்தை முழுமையாக எழுதியிராவிட்டால் இது தோன்றியே இருக்காது.

கட்டுரையின் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: ‘சொற்போரின்போது எதிரணித் தோழியின் கருத்து பாதியே எடுத்துக் கூறப்பட்டது, அது ஆதரவு அணியின் தவறு.’

மறுநாள் காலையில் கட்டுரையைத் தோழியிடம் கொடுத்தாள். தோழி தன் பெயர் இருந்த இடத்தை இருமுறை படித்தாள். பின்னர் அந்தக் கேள்விக்கு வந்தாள். அவள் முகத்தில் மெல்லச் சிரிப்பு அரும்பியது.

“நல்ல கேள்விதான். ஆனால், இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது” என்று சொல்லி, எழுதுகோலை எடுத்தாள்.