தொட்டி பழகட்டும்

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு ஒரே நாளில் இரண்டு ஆறாக இருக்கும். கடல் ஏறும்போது முகத்துவாரத்திலிருந்து உள்ளே வெகுதூரம் தண்ணீர் கரிக்கும். வற்றும்போது உப்பு இறங்கும். சித்திரை, வைகாசியில் ஆற்றின் வாயில் கிட்டத்தட்டக் கடலின் உப்பே இருக்கும், அதாவது லிட்டருக்கு 35 கிராம் அளவில். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் அதே இடத்து நீரை வாயில் வைத்தால் உப்பே தெரியாது. மடவை, கொடுவா, பால்மீன் எல்லாம் இந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே வளர்ந்து பெரிதாகின்றன. அவற்றின் உடம்பு அதற்கென்றே அமைந்தது.

பவளப்பாறை மீன்களுக்கு அந்த அமைப்பு கிடையாது. பாறை ஓரத்துக் கடலில் உப்பும் வெப்பமும் மெல்லத்தான் மாறும். அப்படிப்பட்ட மீனைக் கவரில் அடைத்து, பஸ்ஸில் ஏற்றி, கடலூரில் ஒரு வீட்டுக் கூடத்துத் தொட்டியில் விடுகிறோம். பல மீன்கள் அந்த முதல் வாரத்திலேயே செத்துப்போகின்றன. வாங்கியவர் மீன் சரியில்லை என்கிறார், விற்றவர் தொட்டி சரியில்லை என்கிறார். இடையில் நடக்கும் அந்த மாற்றத்தைக் கையால் செய்பவர்களைப் பார்க்கத்தான் பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம், கடலூர் என்று சுற்றினேன்.

பரங்கிப்பேட்டையில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. வெள்ளாற்றங்கரையில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயர் ஆய்வு மையம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கடல் ஆய்வுக்கு இதைவிட முக்கியமான முகவரிகள் அதிகமில்லை. அங்கே 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் டி.டி. அஜித் குமார், கே.வி. தனீஷ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். 'நீமோ' என்று பிள்ளைகள் கூப்பிடும் கிளவுன் மீன் இனங்களைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரித்தார்கள். அதற்குப் பயன்படுத்தியது ஆழ்கடல் நீரல்ல, வெள்ளாற்று முகத்துவார நீர். கடலைவிட உப்புக் குறைந்த அந்த நீரிலேயே நம் கடற்பகுதிக்குரிய செபே கிளவுன் முட்டையிட்டது, குஞ்சுகள் பிழைத்தன.

அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது இந்த மீனின் வாழ்க்கையைத் தெரிந்தால்தான் புரியும். ஜோடியில் பெரியது பெண். பெண் இறந்துவிட்டால் ஆண் பெண்ணாக மாறும். ஓட்டின் மேலோ கல்லின் மேலோ முட்டைகளை ஒட்டவைத்த பிறகு, ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் நிற்கும். ஒரு வாரம் போல ஆனதும், பொழுது சாய்ந்து இருட்டிய பிறகு முட்டை பொரியும். பொரித்த குஞ்சு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதற்குத் தீனி முதலில் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர், பிறகு ஆர்ட்டீமியா என்ற சிற்றுயிர். ரோட்டிஃபருக்குத் தீனி நுண்பாசி. ஆக, மீன் வளர்ப்பவர் முதலில் பாசி வளர்க்க வேண்டும், அதன்பின் ரோட்டிஃபர் வளர்க்க வேண்டும். அடியில் சேரும் கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கும்போது, குஞ்சு ஒன்றுகூட அதோடு போய்விடாமல் பார்க்க வேண்டும். நாள் தவறாமல் இதைச் செய்த உதவியாளர்கள், மாணவர்களின் பெயர் எந்த மீன் கவரிலும் இருக்காது. அவர்களை நினைக்கும்போது எனக்கு மரியாதை கூடுகிறது.

இப்படி உப்புக் குறைந்த நீரில் பிறந்த மீனை வாங்கி, முழு உப்பு இருக்கும் வீட்டுத் தொட்டியில் விட்டால் என்ன ஆகும்? எனக்கு எல்லாவற்றையும் விளக்கிய கேள்வி இதுதான்.

கடல்மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எனவே சுற்றியுள்ள கடல் அதன் உடம்பிலிருந்து நீரை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது. தண்ணீருக்குள்ளேயே இருந்தும் கடல்மீன் தாகத்தோடு வாழும் உயிர். அது கடலைக் குடிக்கிறது. குடித்த உப்பைச் செவுளில் உள்ள தனி செல்கள் வழியே வெளியே தள்ளுகிறது. 1932இல் ஆன்சல் கீஸும் எட்வர்ட் வில்மரும் விலாங்கின் செவுளில் அந்தச் செல்களை அடையாளம் கண்டார்கள். உப்பு கூடினால் அந்தச் செல்கள் வேலையைக் கூட்ட வேண்டும், எண்ணிக்கையிலும் பெருக வேண்டும். அதற்கு நாள் கணக்கில் அவகாசம் தேவை. உப்புக் குறைவான நீருக்கு இறங்குவதை மீன் ஓரளவு தாங்கிவிடுகிறது, உப்புக் கூடிய நீருக்குத் திடீரென ஏறுவதில்தான் அடிபடுகிறது. ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரை விட்டுவிட்டு 'பழகிவிட்டது' என்கிறோம். வெப்பம் பழகியிருக்கும், செவுள் பழகியிருக்காது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே கையில் வைத்திருப்பவர்கள் கிள்ளைப் பக்கத்து இறால் குட்டைகளில் இருக்கிறார்கள். பிச்சாவரம் போகிற வழியில், விடியற்காலை, குஞ்சு வண்டி வரும் நேரத்துக்குப் போயிருந்தேன். இந்தியாவில் 2009இல் அனுமதி பெற்ற வன்னாமி இறாலின் குஞ்சுகள் அவை. கண்ணிமை முடி அளவு இருக்கும். ஒரு கவருக்குள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன.

குட்டையில் இறங்கி நின்ற பெரியவரிடம் கேட்டேன், "அண்ணே, இதுங்கள எவ்ளோ நேரம் பழக்குவீங்க?"

"இங்க வந்து என்னா சார் பழக்குறது? பத்து நாளு முன்னாடியே நம்ம குட்டைத் தண்ணி உப்பு எவ்ளோன்னு பொரிப்பகத்துக்குப் போன் போட்டுச் சொல்லிடுவோம். அவங்க அங்கியே கொஞ்சங்கொஞ்சமா எறக்கி, அதுக்குத் தோதா ஆக்கித்தான் அனுப்புவாங்க. நாம பாக்குறது சூடு மட்டுந்தான்."

இந்தப் பதிலை அங்கேயே என் நோட்டில் எழுதிக்கொண்டேன். வண்ணமீன் வளர்ப்பவர்கள் கவனிக்கவேண்டிய வாசகம் இது. உயிர் வந்து இறங்குவதற்கு முன்பே இரண்டு பக்கத்து நீரும் ஒன்றாக இருக்க வேண்டும். வந்த பிறகு செய்வதற்கு மிச்சம் கொஞ்சமே இருக்க வேண்டும்.

அந்தக் கொஞ்சத்தையும் அவர்கள் செய்த விதம் அழகு. கவர்களைக் கட்டவிழ்க்காமல் குட்டையில் மிதக்கவிட்டார்கள். அரை மணி கழித்து ஒன்றைத் திறந்து வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு குவளை, சற்றுப் பொறுத்து இன்னொரு குவளை என்று குட்டை நீரைச் சேர்த்தார்கள். இதற்கிடையே ஓர் அம்மா ஒரு வெள்ளைப் பேசினில் கொஞ்சம் குஞ்சுகளை எடுத்து, விரலால் நீரைச் சுழற்றிவிட்டார். தெம்புள்ளவை சுழலை எதிர்த்து நீந்தி ஓரத்தில் ஒட்டிக்கொள்ள, தளர்ந்தவை நடுவில் குவிந்தன. நடுவில் குவிந்ததைப் பார்த்தே அந்தக் கவர் தேறுமா என்று சொல்லிவிட்டார். கடைசியில் கவரை நீருக்குள் சாய்த்துப் பிடித்தார்கள், யாரும் கொட்டவில்லை. குஞ்சுகள் தாமாக வெளியேறின. வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்தது. குட்டை ஓரத்தில் சிறு வலைக்கூண்டு கட்டி எண்ணிக்கையாகக் கொஞ்சம் குஞ்சுகளை அதில் விட்டிருந்தார்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ எண்ணிப் பார்த்தால் எத்தனை பங்கு பிழைத்தது என்று தெரிந்துவிடும். வீட்டில் மீன் வளர்க்கும் நம்மில் இந்த அளவுக்குக் கணக்கு வைத்துக்கொள்பவர் குறைவு.

சிதம்பரத்தில் நான் பார்த்த கடை பெரும்பாலும் நன்னீர் மீன் கடை. கப்பி, மோலி, தங்கமீன் தொட்டிகளுக்குப் பின்னால் ஒரே ஒரு வரிசை உப்புநீர்த் தொட்டி. மீன் சென்னையிலிருந்து வருகிறது. கடையில் வேலை செய்யும் தம்பி பாக்கிங் செய்து காட்டினார். அனுப்புவதற்கு முதல் நாளே மீனுக்குத் தீனி நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் கழிவு கவருக்குள்ளேயே சேரும். கவரில் மூன்றில் ஒரு பங்கு நீர், மீதி ஆக்சிஜன். அடி மூலைகளை ரப்பர் பேண்டால் கட்டி உருட்டிவிடுகிறார், சின்ன மீன் மூலையில் சிக்கி நசுங்கக்கூடாது என்பதற்காக. மேலே இன்னொரு கவர், அதை வைக்க தெர்மாகோல் பெட்டி.

அங்கே நான் அதிகம் பேசியது அந்தக் கவருக்குள் நடக்கும் வேதியியலைப் பற்றி. மூடிய கவரில் மீன் மூச்சுவிட விடக் கரியமில வாயு சேர்ந்து நீரின் பிஎச் இறங்குகிறது. மீன் வெளியேற்றும் அம்மோனியாவும் சேர்கிறது. ஆனால் பிஎச் குறைவாக இருக்கும்வரை அந்த அம்மோனியாவின் பெரும்பகுதி, செவுளுக்குள் எளிதில் புகாத அம்மோனியமாகவே கிடக்கும். கவரைத் திறந்ததும் கரியமில வாயு பறந்துவிடுகிறது. பிஎச் ஏறுகிறது. ஓர் அலகு ஏறினால் நச்சு வடிவ அம்மோனியா ஏறக்குறைய பத்து மடங்காகும். கடல்நீர்த் தொட்டியின் பிஎச் 8.2 போல இருக்கும். ஆகவே நீண்ட தூரம் வந்த மீனைத் திறந்த கவரிலேயே வைத்து, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரை விடுபவர், பாசத்தோடு செய்கிறார் என்றாலும், மீனை விஷத்துக்குள் நிறுத்திவைக்கிறார். பக்கத்துக் கடையிலிருந்து அரை மணியில் வந்த மீனுக்குச் சொட்டுமுறை தீங்கு செய்யாது. ராத்திரி முழுக்கப் பயணம் செய்த மீனுக்கு அது சரிப்படாது. இரண்டுக்கும் ஒரே வழி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருப்பதுதான் என்னை வருத்துகிறது.

நிதானம் வேண்டும், சந்தேகமில்லை. அதைக் கவருக்குள் காட்டுவதில்தான் பிழை.

கடலூரில், தேவனாம்பட்டினத்துக்குச் சற்று உள்ளே, ஒரு வீட்டில் இதைச் சரியாகச் செய்வதைக் கண்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. கூடத்தில் பெரிய தொட்டி, அடுக்களைக்குப் பின்னால் இருட்டான மூலையில் மூடிபோட்ட சிறிய தொட்டி ஒன்று. புது மீனுக்கு முதல் வீடு அந்தச் சிறிய தொட்டிதான். கடைக்காரரிடம் போனில் முதலில் கேட்பது விலையை அல்ல, உப்பளவை. கடையில் லிட்டருக்கு 26 கிராம் என்றால் சிறிய தொட்டியையும் 26ஆக ஆக்கிவைக்கிறார். மீன் வந்ததும் கவரை மிதக்கவிட்டு வெப்பத்தை மட்டும் சமன் செய்கிறார். பிறகு கவரைத் திறந்தவுடன் மீனைத் தனியாக எடுத்து விட்டுவிடுகிறார். கவர் நீரில் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போவதில்லை, அது வாளிக்குப் போகிறது. அன்று முழுக்க விளக்கு போடமாட்டார். மறுநாளிலிருந்து நாளுக்கு ஒன்றோ இரண்டோ என்று உப்பை ஏற்றி, பெரிய தொட்டியின் அளவுக்குக் கொண்டுவருகிறார். மீன் அந்தச் சிறிய தொட்டியில் ஒரு மாதம் இருக்கும். கடல்மீன்களின் வெண்புள்ளி நோய்க்குக் காரணமான கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி இருந்தால் அந்த அவகாசத்துக்குள் தன்னைக் காட்டிவிடும்.

"பெரிய தொட்டிக்கு வந்தப்புறம் வந்துதுன்னா, இருக்கிற எல்லாத்துக்கும் போயிடும் சார். அப்புறம் அழுது என்ன புண்ணியம்?" என்றார்.

அவர் கடல்நீரையே பயன்படுத்துகிறார். கோடையில், காற்று தெளிந்த நாட்களில், கரையிலிருந்து தள்ளிப்போகும் படகுக்காரர் ஒருவர் கேன்களில் கொண்டுவந்து கொடுக்கிறார். அதைத் தெளியவைத்து, வடிகட்டி, குளோரின் போட்டு, அது முழுவதும் போகும்வரை காற்றோட்டம் கொடுத்து, மூடிய டிரம்களில் சேமிக்கிறார். மழைக்காலத்தில் எடுப்பதில்லை. கெடிலமும் தென்பெண்ணையும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும் அந்த மாதங்களில் கரையோரக் கடலின் நிறமும் உப்பும் மாறிவிடுகின்றன. தொட்டியில் ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீர் மட்டுமே ஊற்றுகிறார். ஆவியாவது நீர்தான், உப்பு தங்கிவிடுகிறது. பலர் இதைத் தவறவிட்டு மேலும் உப்புநீர் ஊற்றுவதால், பார்க்கத் தெளிவாக இருக்கும் தொட்டியில் உப்பு மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது.

சுவரில் ஒரு பேட்டரி ஏர் பம்ப் தொங்கியது. கடலூரில் வாழ்பவருக்கு அதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இந்தக் கரையில் ஏறியபோது மாவட்டத்தின் பெரும்பகுதி நாள் கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தது. மனிதருக்கே குடிநீர் இல்லாத அந்த நாட்களில் மீன் தொட்டியைப் பற்றி யாரும் பேசியிருக்க முடியாது. ஆனால் வாயில்லாத உயிரை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் அடுத்த புயலுக்குத் தயாராக இருப்பது கடமை என்று அவர் நம்புகிறார், நானும் நம்புகிறேன்.

அவருடைய தொட்டியில் உயிருள்ள பவளம் இல்லை, கடல்குதிரையும் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இரண்டும் 2001இல் சேர்க்கப்பட்டன. பிடிப்பதும் விற்பதும் குற்றம். யாராவது விற்க வந்தால் வாங்காமலிருப்பதோடு நிற்காமல் வனத்துறைக்கும் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவின் பாறைகள் ஏற்கெனவே போதுமான அளவு இழந்துவிட்டன. தென்கிழக்காசியக் கடல்களில் பல பத்தாண்டுகளாக சயனைடு பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிப்பதால் பாறையும் மீனும் சேர்ந்தே அழிகின்றன. அப்படிப் பிடிபட்ட மீன் எவ்வளவு கவனமாக இறக்கினாலும் பிழைப்பது கடினம். வெள்ளாற்று நீரில் குஞ்சு பொரித்தவர்களின் உழைப்புக்கு இந்த இடத்தில்தான் முழு அர்த்தம். தொட்டியில் பிறந்த மீன் தொட்டியின் தீனியை அறியும், கண்ணாடியை அறியும். மிச்சமிருப்பது உப்பு மட்டுமே.

அந்த உப்பைப் பற்றித்தான் சிதம்பரம் கடைத் தம்பியிடம் திரும்பப் போய்ப் பேசினேன். கவரின் மேல் இரண்டே விவரம் எழுதுங்கள் என்றேன்: உப்பளவு, பாக்கிங் செய்த நேரம். வாங்குபவர் தொட்டியை எந்த அளவுக்குத் தயார்செய்ய வேண்டும் என்பதை முதலாவது சொல்லும். கவருக்குள் எவ்வளவு அம்மோனியா சேர்ந்திருக்கும், திறந்த பிறகு எவ்வளவு விரைவாக மீனை எடுக்க வேண்டும் என்பதை இரண்டாவது சொல்லும். இறால் பொரிப்பகத்துக்கும் குட்டைக்கும் நடுவே போனில் தினமும் நடக்கிற பேச்சு இது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே மட்டும் ஏன் நடப்பதில்லை?

"யாரும் கேக்க மாட்டாங்கண்ணே, கேட்டா எழுதலாம்" என்றார். பிறகு விருத்தாசலத்துக்குப் போகவேண்டிய ஒரு ஜோடி கிளவுனை அடைத்து முடித்து, மார்க்கர் எடுத்துக் கவரின் மேல் எழுதினார்: 'உப்பு 28, காலை 6.10'. அந்த வாடிக்கையாளர் எண்ணை எடுத்து, தொட்டியை 28க்குக் கொண்டுவந்து வைக்கச் சொல்லிப் போனும் செய்தார்.